தெரிந்தவர்கள் வரும் கதவு

எனக்குக் கோபம் வந்தால் அடக்கத் தெரியாது. அது ஒன்றுக்குத்தான் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள். அதனால் என் ஓரகத்தியின் கதையை நான் ஆற அமரச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அவள் கணவரும் என் கணவரும் அண்ணன் தம்பி. ஒரே வீட்டில் கீழே அவர்கள், மாடியில் நாங்கள். எனக்குத் தபால் அலுவலகத்தில் பார்சல் கவுண்டர். அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. அறுவை சிகிச்சைப் பிரிவில் வெளிநோயாளிகளைப் பார்க்கும் அறை வாசலில் ஒரு மர ஸ்டூல், அதன்மேல் அவள், கையில் டோக்கன் கட்டு. டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லாருக்கும் அவள் வாசலக்கா. எனக்கு வெறும் அக்கா. நான் வேலைக்குப் போன காலத்தில் என் மகனைப் பாதி வளர்த்தது அவள்தான். இன்றைக்கும் அவனுக்கு ஜலதோஷம் என்றால் மாடியிலிருக்கும் என்னை விட்டுவிட்டுக் கீழேதான் போய்ப் படுத்துக்கொள்வான்.

அவளை முதலில் தரை துடைப்பதற்குத்தான் வேலைக்கு எடுத்தார்களாம். ஒருநாள் வாசலில் நின்றவர்களுக்குள் அடிதடி. டாக்டர்கள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு சத்தம் போட்டிருக்கிறாள். அத்தனை பேரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். அன்று முதல் அவளுக்கு ஸ்டூல். வெண்கலத் தொண்டை அவளுக்கு. கீழ் வீட்டில் அவள் கணவரைக் கூப்பிட்டால் என் கணவர் எழுந்து நிற்பார்.

வாரத்தில் ஒரு நாள் மார்புக் கட்டிக்காரர்கள் வரும் நாள். அன்று அவள் வேறு ஆளாகிவிடுவாள். பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் சத்தம் போடமாட்டாள். டோக்கன் கொடுக்கும்போதே சொல்லிவிடுவாள்: "கை, படம், ஊசி. மூணும் முடிஞ்சாத்தான் வீட்டுக்கு." டாக்டர் கையால் பார்ப்பது ஒன்று. மார்பைப் படம் எடுத்துப் பார்ப்பது இரண்டு. கட்டியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்து லேபுக்கு அனுப்புவது மூன்று. மூன்றும் ஒன்றுபோலச் சொன்னால்தான் இது நல்ல கட்டி, இது கெட்ட கட்டி என்று அங்கே முடிவுசெய்வார்கள். வலிக்கவில்லையே, பிறகு எதற்கு ஊசி என்று யாராவது எழுந்து போகப் பார்த்தால் அக்கா வாசலை மறித்து நிற்பாள். வலிக்காத கட்டிக்குத்தான் வாய் கிடையாது, நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பாள். ஊசிக்குப் பயந்து கழிப்பறையில் ஒளிந்துகொண்ட ஒரு அம்மாவை, கதவுக்கு வெளியே நின்று கதை பேசியே வெளியே கொண்டுவந்தவள் அவள். அந்த அம்மா இன்னும் அவளைப் பார்க்க வருகிறார்.

இதெல்லாம் முன்வாசல் கதை. அந்த அறைக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு உண்டு. தாழ்வாரத்திலிருந்து நேரே பெரிய டாக்டரின் மேஜைக்குப் போகும் சின்னக் கதவு. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள், அவர்களின் அண்ணி, மச்சான், மச்சானின் முதலாளி, எல்லாரும் அந்த வழியாகத்தான் வருவார்கள். அதற்கும் சாவி அக்காவிடம்தான். முன்வாசலில் நூறு பேரை நிறுத்தி வைத்துவிட்டு, பக்கக் கதவில் ஒருவரை நுழைப்பதில் அவளுக்கு ஒரு பெருமை. "நம்ம ஆளு" என்று ஒரு வார்த்தை சொல்வாள், அவ்வளவுதான். அந்த வார்த்தைக்காக ஊரில் பாதிப் பேர் அவளுக்குக் கடன்பட்டிருந்தார்கள். கல்யாணங்களில் அவளுக்கு முன்வரிசை நாற்காலி. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மரியாதையை அனுபவித்திருக்கிறேன், பொய் சொல்வானேன்.

அவளுக்கும் ஒரு கட்டி குளிக்கும்போது தட்டுப்பட்டிருக்கிறது. இடது மார்பில், அக்குளை ஒட்டி. வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் மத்தியானம் பெரிய டாக்டர் காருக்குப் போகும்போது தாழ்வாரத்தில் அவரை நிறுத்திச் சொல்லியிருக்கிறாள். அவர் நின்றார். நல்ல மனிதர், அதுதான் கொடுமை. மற்றவர்களாக இருந்தால் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருப்பார். வாசலக்காவை அலையவிட அவருக்கு மனசு வரவில்லை. அங்கேயே சுவர் ஓரமாக, உடுத்தியிருந்த துணியின் மேலாகவே இரண்டு விரலால் அழுத்திப் பார்த்திருக்கிறார். கொழுப்புக் கட்டி, ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள் என்று முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுக் கார் ஏறிப் போனார். அக்கா நிம்மதியாக ஸ்டூலுக்குத் திரும்பி, காத்திருந்த அடுத்த பெண்ணிடம் கை, படம், ஊசி என்று சொன்னாள்.

நினைத்துப் பாருங்கள். அதே வாய், அதே ஸ்டூல்.

அதற்குப் பிறகு மாதங்கள் ஓடின. எனக்கு விஷயம் தெரிவதற்குச் சில வாரங்கள் முன்னால் கட்டிட வேலை செய்கிற ஒரு பெண் முன்வாசலுக்கு வந்தாள். காலில் சிமெண்ட் அப்படியே காய்ந்திருந்தது. ஒருநாள் வேலை போய்விடும், சீக்கிரம் உள்ளே விடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். அக்கா அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி வரிசையின் கடைசிக்கு அனுப்பினாள். அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே நின்று, கையால் பார்த்து, படம் எடுத்து, ஊசியும் குத்திக்கொண்டு போனாள். அவளுடைய கட்டி பட்டாணி அளவுதான். ஆனால் கெட்ட கட்டி என்று ஊசி சொல்லிவிட்டது. இதையெல்லாம் அக்காவே வீட்டில் வந்து சொன்னாள். பாவம், அந்தப் பொண்ணுக்கு நல்லவேளையாக ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் மார்பில் அதைவிடப் பெரியது அப்போது உட்கார்ந்திருந்தது.

எனக்குத் தெரிந்தது ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று. முதுகுப்பக்கம் கொக்கி மாட்டிவிடு என்று அக்கா என்னைக் கூப்பிட்டாள். கண்ணாடியில் அவளுடைய முன்பக்கம் தெரிந்தது. இடது மார்பில் ஓரிடத்தில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, நடுவில் பொத்தான் வைத்துத் தைத்த மெத்தை மாதிரி.

"என்னக்கா இது?"

"அதுவா, கொழுப்புக் கட்டி. பெரிய டாக்டரே பாத்துட்டார்."

"படம் எடுத்தாங்களா? ஊசி?"

"எனக்கெதுக்குடி ஊசி? வெளியாளுங்களுக்குத்தான் அதெல்லாம். அவரே கையால பாத்துச் சொன்னாரே."

"எங்க வச்சுப் பாத்தார்?"

"தாழ்வாரத்துல," என்றாள், ஏதோ சிம்மாசனத்தில் உட்காரவைத்துப் பார்த்த மாதிரி.

அன்று நாங்கள் கல்யாணத்துக்குப் போகவில்லை. நான் போட்ட சத்தத்தில் அவள் கணவர் வெளியிலிருந்து ஓடிவந்தார். அவர் லாரிகளுக்கு எஞ்சின் வேலை பார்க்கிறவர், வாய் திறந்து பேசுவது குறைவு. இவளே ஒரு ஆஸ்பத்திரி, இவளுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று எப்போதும் கிண்டல் செய்கிறவர், அன்று அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் சத்தம் சரியில்லை என்றால் கழற்றிப் பார்க்காமல் விடாத மனிதர். கட்டிய மனைவிக்குக் கட்டி இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறார். அவர்மேலும் எனக்குக் கோபம்தான், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபின் திட்ட வரவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நேரே பெரிய டாக்டரிடம் போனேன். பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டுதான் போனேன், ஆத்திரக்காரிக்குக் கதவு ஏது. அக்கா பின்னாலேயே ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் முகம் பார்க்கப் பயந்தது அவள், தப்பு அவர் செய்திருக்க.

அவர் இந்தமுறை திரை போட்டு, படுக்கவைத்து, இரண்டு பக்கமும், அக்குளும் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பயப்பட வேண்டாம்னு நல்லதுக்குத்தாம்மா சொன்னேன்," என்றார். "நம்ம வாசலக்காவாச்சே."

"ஒரு பார்சல கையில தூக்கிப் பாத்து எடை சொல்ல எங்களுக்கு அனுமதி கிடையாது டாக்டர். அது எங்க வீட்டுப் பார்சலா இருந்தாலும் தராசுல வைக்கணும்."

கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் வாய் வலிக்கத் திட்டிவிட்டு வந்திருப்பேன். இவரோ கண் கலங்கி நிற்கிறார். கலங்கிய கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

படமும் ஊசியும் அந்த வாரமே முடிந்தன. கெட்ட கட்டிதான். அக்குளிலும் நெறி கட்டி, நோய் அங்கேயும் பரவியிருந்தது. மார்பை எடுத்துவிட வேண்டும், பிறகு கீமோ, அதில் நாள் கடத்தக் கூடாது என்று சொன்னார்கள். முதலிலேயே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாமோ என்று கேட்டேன். இருக்கலாம் என்று சொல்லிப் புற்றுநோய் டாக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இத்தோடு புத்தி வந்திருக்க வேண்டும் இல்லையா? பெரிய டாக்டர் தன் மனசாட்சியை ஆற்றிக்கொள்ள என்ன செய்தார் தெரியுமா? இன்னொரு சலுகை. அக்காவைப் பொது வார்டில் போடக் கூடாது, மேல்மாடியில் தனியறை என்று உத்தரவு போட்டார். கண்ணாடி ஜன்னல், திரைச்சீலை, இரண்டு நாற்காலி. வார்டுக்காரர்கள் ஆளுக்கொரு தலையணை கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கும் அன்று மனசு கொஞ்சம் ஆறித்தான் போனது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சிஸ்டர் இருக்கிறாள். அறுவை செய்த காயத்தில் கிருமி சேராமல் பார்த்துக்கொள்வதற்கென்றே வைத்திருக்கும் சிஸ்டர். யாரைப் பார்த்தாலும் கை கழுவினீர்களா என்று கேட்பாள், டாக்டர் என்றும் பார்க்கமாட்டாள். அதனால் அவளுக்குக் கைகழுவு சிஸ்டர் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் அக்காவும் ஒருத்தி. அந்த சிஸ்டர் வந்த புதிதிலேயே வார்டுகளிலிருந்து சவரக் கத்தியை ஒழித்துக்கட்டினாள். அறுவைக்கு முன்னால் கத்தியால் மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், அதில் கிருமி குடியேறும், முடியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் கத்தரிக்கும் மெஷினால் அன்றைக்குக் காலையில் எடுத்தால் போதும் என்பது அவள் சட்டம். அவள் தினமும் வார்டு வார்டாகச் சுற்றி வருவாள். தனியறைகள் மட்டும் அவள் சுற்றில் இல்லை. அங்கே பெரியவர்களே போய்ப் பார்த்துக்கொள்வார்கள் என்பது பழைய ஏற்பாடு.

அறுவைக்கு முந்தின நாள் சாயங்காலம் வார்டு ஆயா வந்தாள். அக்காவுக்கு அவள் கூடப்பிறக்காத தங்கை. அக்குளை மெஷினில் விட்டால் முள்ளு முள்ளாக இருக்கும், நம்ம அக்காவுக்கு அப்படியா விடுவது என்று முந்தானையில் முடிந்து வைத்த பொக்கிஷத்தை எடுப்பதுபோல ஒரு சவரக் கத்தியை எடுத்தாள். ஒழித்துக்கட்டிய கத்திகளில் ஒன்றை வேண்டியவர்களுக்காக ஒளித்து வைத்திருந்தாளாம். சோப்பு நுரை போட்டு, பேசிச் சிரித்துக்கொண்டே கண்ணாடி மாதிரி மழித்துவிட்டாள். ஓரிரண்டு இடத்தில் ரத்தம் பொட்டு வைத்தது. அதை விரலால் துடைத்துவிட்டு, கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அப்போது அந்தக் கத்தி சட்டமெல்லாம் தெரியாது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. பெரிய டாக்டரே செய்தார். அதே நாளில், அதே கையால், அந்தக் கட்டிட வேலைப் பெண்ணுக்கும் செய்தார். அவளுக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுப் பொது வார்டுக்கு அனுப்பினார்கள்.

பிறகு ஆரம்பித்தது பாசத்தின் படையெடுப்பு. காயத்தின் மேல் போட்ட கட்டைச் சொன்ன நாள்வரை திறக்கக் கூடாது என்று அறைக்கு வெளியே எழுதி ஒட்டியிருந்தது. யாருக்கு? வெளியாட்களுக்கு. ஒரு டாக்டர் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்து, எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று கட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். இன்னொருவர் வந்தார், அவரும் தூக்கினார். கட்டுப் போடும் ஆள், தன் அக்காவாச்சே என்று தினமும் புதுக்கட்டுப் போட்டான், பழையதில் அழுக்கே இல்லாதபோதும். லேப்காரர், எக்ஸ்ரேகாரர், கேண்டீன்காரர் எல்லாரும் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவராவது அந்த அறையின் குழாயைத் திறந்ததை நான் பார்க்கவில்லை. வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நாங்க இங்கயே வேலை பாக்கறவங்கம்மா என்று சிரித்தார்கள். அக்காவும் என்னை முறைத்தாள். வந்தவர்களை முகம் சுளிக்கவிடுவது அவளுக்குப் பிடிக்காது.

முதலில் நடுக்கம் வந்தது. பிறகு காய்ச்சல். தையலைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, ஒருநாள் மத்தியானம் கட்டு நனைந்து நாற்றம் எடுத்தது. ஆயா எனக்கு முன்னால் மூக்கைப் பொத்தினாள், சட்டென்று கையை எடுத்துவிட்டாள். அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

லேபில் சீழைப் பார்த்த பிறகுதான் விஷயம் கைகழுவு சிஸ்டரின் காதுக்குப் போயிருக்கிறது. அவள் வந்த வேகத்தில் கதவு சுவரில் இடித்தது. முதலில் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். பிறகு கட்டைத் திறந்தாள். பார்த்துவிட்டு எல்லாரையும் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தக் கட்ட இதுவரைக்கும் யார் யார் திறந்து பாத்தீங்க?"

பெரிய டாக்டரும் அங்கேதான் நின்றார். சிஸ்டர் அக்குளைப் பார்த்தாள், ஆறாமல் கிடந்த கத்திக் கீறலைப் பார்த்தாள், ஆயாவைப் பார்த்தாள். ஆயா அழ ஆரம்பித்தாள். எனக்கு அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்கக் கோபம் தலைக்கேறியது. அழவேண்டியவள் கட்டிலில் கிடக்கிறாள்.

தையலைப் பிரித்து, சீழை எடுத்து, காயத்தைத் திறந்தே வைத்துக் கழுவ வேண்டியதாயிற்று. அக்காவின் அந்த வெண்கலத் தொண்டை அன்று உபயோகப்பட்டது. தாழ்வாரக் கோடியில் நின்ற அவள் கணவருக்கு அது கேட்டது. அவர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

அன்றே சிஸ்டர் அவளைத் தனியறையிலிருந்து பொது வார்டுக்கு மாற்றினாள். பெரிய டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். என் கண்ணெதிரில் இருந்தால்தான் ஆறும் சார் என்று அவள் முடித்துவிட்டாள். வார்டில் வேளைக்கு ஒருவர்தான் பார்க்க வரலாம், கட்டிலில் உட்காரக் கூடாது, கை கழுவாமல் உள்ளே வரக் கூடாது. பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். எல்லாரும் அக்காவிடம் டோக்கன் வாங்கி உள்ளே போனவர்கள்.

காயத்தைக் காட்டிப் போக வந்த கட்டிட வேலைப் பெண் அக்காவை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தாள். கட்டிலில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினாள். அவளுடைய காயம் காய்ந்து, கோடு போட்ட மாதிரி ஆகியிருந்ததாம். எப்படிம்மா உனக்கு இவ்வளவு சீக்கிரம் என்று அக்கா கேட்டாள்.

"எனக்கு இங்க யாரையும் தெரியாதுக்கா," என்றாள் அவள். "அதனால யாரும் வந்து கட்ட அவுத்துப் பாக்கல. அவங்களா சொன்ன அன்னிக்குத்தான் அவுத்தாங்க."

குத்திக்காட்டச் சொல்லவில்லை, வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். அவள் போனபின் அக்கா மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளப் புடிச்சு வரிசையோட கடைசிக்குத் தள்ளினேன்டி நான்," என்றாள் பிறகு. "நானும் அவ பின்னாலயே போய் நின்னிருக்கணும்."

காயம் ஆறாமல் கீமோ ஏற்ற முடியாது என்று புற்றுநோய் டாக்டர் சொல்லிவிட்டார். நாள் கடத்தக் கூடாது என்று சொன்ன அதே மருந்து. நாங்கள் காத்திருந்தோம். நான் வேலை முடிந்து வந்து, கை கழுவி, அவள் காயத்தைச் சிஸ்டர் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உள்ளே இருந்து சிவப்பாக, மெல்ல மெல்லத் தசை வளர்ந்து வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் கணவர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மூடிடுச்சா? இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு கசந்துவிட்டது. அந்தத் தாமதம் அவளுக்கு என்ன கெடுதல் செய்தது, செய்யும் என்று இன்றுவரை எந்த டாக்டரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியாது. போகப் போகத்தான் தெரியும் என்கிறார்கள். அந்தப் போகப் போக என்பதில்தான் நாங்கள் இப்போது குடித்தனம் நடத்துகிறோம்.

ஒருவழியாகக் காயம் மூடி, கீமோ தொடங்கி முடிந்தது. முடி கொட்டியபோது அவள் அழவில்லை. ஆயா அழுதுகொண்டே தொப்பி பின்னிக்கொண்டு வந்தாள். அக்கா அதை வாங்கிக்கொண்டாள், போட்டும் கொண்டாள், ஆனால் அவளிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

ஸ்டூலுக்குத் திரும்பிய முதல் நாளே அவள் செய்த வேலை, இரண்டு ஆட்களை வைத்து மூலையில் கிடந்த இரும்பு அலமாரியை நகர்த்தி அந்தப் பக்கக் கதவை அடைத்தது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு முன்வாசல் வழியாகத் தன் மேஜைக்குப் போனார். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? உடம்பு சரியில்லாதபோது தாங்குதாங்கென்று தாங்கினோமே, நன்றி கெட்டவள் என்றார்கள். எக்ஸ்ரேகாரர் தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து அலமாரியைப் பார்த்துத் திகைத்து நின்றாராம். அக்கா அந்த அம்மாவுக்கு ஒரு டோக்கனைக் கொடுத்து, பெஞ்சில் இடம் பார்த்து உட்காரவைத்துவிட்டு, கை, படம், ஊசி என்று ஆரம்பித்திருக்கிறாள். கல்யாணங்களில் இப்போது எங்களுக்கு முன்வரிசை கிடையாது. எங்கே இலவசமாகக் காற்று வருகிறதோ அங்கே உட்காருகிறோம்.

போன வாரம் அவளுக்குச் சோதனை நாள். மற்ற மார்பில் ஏதாவது வந்திருக்கிறதா, அக்குளில் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கும் நாள். அவள் லீவு போட்டுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே போய் டோக்கன் வாங்கி, தன் ஸ்டூலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். ஸ்டூலில் அன்று வேறொரு பெண். அவள் குனிந்து, நீங்க போங்கக்கா என்று கண்ணைக் காட்டினாள். அக்கா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். மடியில் வைத்திருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பெண்ணும் அந்தப் பெஞ்சில் அப்படித்தான் உட்காருவாள் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் தாழ்வாரத்தில் வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"என்ன வாசலக்கா, எப்படி இருக்கீங்க? நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க? ஏதாவது தட்டுப்படுதா, காட்டுங்க பாப்போம்."

சொல்லிக்கொண்டே அதே பாசத்தோடு, அதே இரண்டு விரலை நீட்டிக்கொண்டு குனிந்தார். நான் எழுந்துவிட்டேன். வாயில் வந்ததை நான் சொல்லியிருந்தால் அன்று ஆஸ்பத்திரி இரண்டுபட்டிருக்கும். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். மடியிலிருந்த பையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். வார்டெல்லாம் கேட்ட அந்தக் குரலை அவள் எடுக்கவில்லை, பக்கத்து பெஞ்சுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"என் நம்பர் இன்னும் வரல டாக்டர். வந்ததும் உள்ள வரேன். என்னை முன்னப்பின்ன தெரியாத மாதிரி பாருங்க."

நீட்டிய விரல்கள் அப்படியே நின்றன. அவர் அவற்றை மடக்கிக்கொண்டு தன் அறைக்குள் போனார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்டூலில் இருந்த பெண் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள். அது எங்களுடையது இல்லை.